ஏழு பேர் கேட்ட பெயர்

வரிசையாகச் சொல்கிறேன், தோழர். நடுவில் குறுக்கிடாதீர்கள். வரிசை தப்பினால் வழக்கு தோற்றுவிடும். நாற்பது வருடம் மேடை ஏறியவன் சொல்கிறேன். ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள். ஆறு அந்தப் பக்கம்தான் வரும். எனக்குப் பார்த்து அலுத்துவிட்டது.

ஒன்று. ஆயிரத்து நூற்றுச் சொச்சம். இந்த பஸ் போகிற மலைச்சரிவை வெட்டி, கல் சுமந்து, சுவர் கட்டி, திராட்சை நட்டவர்கள் ரேபன்பாக் கிராமத்துக் குடியானவர்கள். பத்திரம் மட்டும் மடத்தின் பேரில். பத்துப் பீப்பாய் வைனில் முதல் பீப்பாய் மடத்துக்கு. அந்த வருடம் வைன் நன்றாக இருந்தால் இரண்டாவதும் மடத்துக்கு.

இரண்டு. 1525. ஜெர்மனி முழுக்க விவசாயிகள் எழுந்தார்கள். இந்த ஊரிலிருந்து அறுபத்திரண்டு பேர் கொடி கத்தரிக்கும் கத்தியோடு போனார்கள். பதினெட்டுப் பேர் திரும்பினார்கள். பதினெட்டுப் பேருக்கும் கண் இல்லை. பிரபு பிடுங்கிவிட்டுத்தான் அனுப்பினான்.

மூன்று. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரைத் தின்னும் பேன் வந்தது. பேன் இயற்கைதானே என்பீர்கள். பேன் இயற்கைதான். பேன் தின்ற நிலத்தை, ஊரின் பெரிய பண்ணையான ஹார்ட்விக் குடும்பம் அடிமாட்டு விலைக்கு வளைத்துப் போட்டதும் இயற்கையா? பாதி ஊர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது.

நான்கு. 1942. ஊரில் இரண்டு யூதக் குடும்பங்கள். வைன் வியாபாரிகள். காலையில் ரயிலில் ஏற்றினார்கள். மத்தியானம் அவர்கள் நிலவறைப் பீப்பாய்களை ஏலம் விட்டார்கள். ஊரே போய் ஏலம் எடுத்தது.

ஐந்து. 1948. இது இங்கே நடக்கவில்லை, இலங்கையில் நடந்தது. ஏன் இந்த வரிசையில் வருகிறது என்று பார்க்கிறீர்கள். வரிசை வரிசைதான், தோழர். தேயிலைத் தோட்டத்தில் நான்கு தலைமுறை வேலை செய்த எங்களிடமிருந்து குடியுரிமையைப் பறித்தார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது.

ஆறு. 1967. எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் வேலையை 'பேர்' என்பார்கள். கொழுந்து நிறை குறைந்தால் துரை அரைப்பேர்தான் போடுவான். பிள்ளைத்தாய்ச்சிக்கும் அரைப்பேர்தான். 'முழுப்பேர் போடு' என்று பத்தொன்பது நாள் வேலைநிறுத்தம் நடத்தினேன். இருபதாம் நாள் பழனியாண்டி என்கிற ஒரு துரோகி மற்றச் சங்கத்தின் சார்பில் போய்க் கையெழுத்துப் போட்டு எல்லாவற்றையும் கவிழ்த்தான். அவன் என் மைத்துனன். மனைவியின் கூடப் பிறந்த அண்ணன்.

ஏழு. 1979. மறுபடி ரேபன்பாக். நிலச் சீரமைப்பு என்று சொல்லி புல்டோசர் விட்டு, எண்ணூறு வருடச் சுவர்களைத் தள்ளினார்கள். சின்னத் துண்டுகளெல்லாம் பெரிய துண்டுகளாயின. பெரிய துண்டுகள் யாரிடம் போயின என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எட்டு. 1985. நான் ஓடி வந்தேன். கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கியது. வாழ்நாள் முழுக்கக் கனவு கண்ட சோசலிச மண்! நாலு மணி நேரம் அதில் நின்றேன். பிறகு ஒரு சிப்பாய் என்னை மேற்கு பெர்லின் ரயிலில் ஏற்றி முதலாளித்துவத்துக்கு அனுப்பிவைத்தான். டிக்கெட்டுக்குக் காசும் வாங்கிக்கொண்டான்.

ஒன்பதாவது இன்றைக்கு. மாலை நாலு மணிக்கு. அதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் வைன் ருசிக்கத்தானே போகிறீர்கள்? கையில் வழிகாட்டிப் புத்தகம் வைத்திருக்கிறீர்கள். நம்முடைய ஆள் ஒருவர் இந்த பஸ்ஸில் வந்து நான் பார்த்ததில்லை; அதனால்தான் பேச்சுக் கொடுத்தேன். ரேபன்பாக் பற்றி அதில் என்ன போட்டிருக்கிறது? 'சூரியன் முத்தமிடும் சரிவு.' முத்தமிடவில்லை, தோழர். பிடரியில் அறைகிறது. அதோ பாருங்கள், மைன் ஆறு அரிவாள் மாதிரி வளைகிறதா? வளைவுக்கு உள்ளே கிராமம். எதிரே தெற்கு பார்த்த சரிவு. மேலிருந்து வெயில், கீழே ஆற்றிலிருந்து அதே வெயில் திரும்ப அடிக்கும். மண் முழுக்கச் சிப்பி படிந்த சுண்ணாம்புக்கல். ஒரு காலத்தில் கடலாம். கத்தரிக்கோல் கை தவறினால் ஆற்றில் போய்த்தான் எடுக்க வேண்டும். அந்தச் சரிவில் கயிறு கட்டாமல் நிற்கிற உயிர்கள் ஊரில் இரண்டே இரண்டு என்பார்கள். ஒன்று மலை ஆடு. இன்னொன்று என் மனைவி.

தேயிலை மலையில் பிறந்தவளுக்கு இது என்ன? முதல் நாள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறினாள். சிரித்தார்கள். சாயங்காலம் அவள் கூடைகளை எண்ணினார்கள். அப்புறம் சிரிக்கவில்லை. 1987 முதல் முப்பத்தொரு அறுவடை. பிப்ரவரிக் குளிரில் கொடி கத்தரிப்பது, மார்ச்சில் வளைத்துக் கட்டுவது, அக்டோபரில் குலை அறுப்பது. எல்லாம் ஹார்ட்விக் நிலத்தில். இந்த பிப்ரவரியில் செத்துப்போனாள். வயிற்றில் கட்டி.

அவள் பெயர்தான் இன்றைக்கு வாசிக்கப்படுகிறது. அந்த வழக்கத்தைச் சொல்லாமல் உங்களுக்குப் புரியாது.

ஊரில் எல்லைக்கற்களைக் காக்க ஏழு பேர் உண்டு. சத்தியம் செய்துகொடுத்தவர்கள், ஆயுசுக்கும் பதவி. எல்லைக்கல் நடும்போது அதன் அடியில் ஒரு சுட்ட மண் ஓட்டைப் புதைப்பார்கள். எப்படிப் புதைத்தார்கள் என்பது ஏழு பேருக்கு மட்டும் தெரியும். கல்லை அசைத்தவனைக் கழுத்துவரை புதைத்து அவன்மேல் ஏர் ஓட்டுவார்களாம் அந்தக் காலத்தில். நவம்பர் முதல் ஞாயிறு, அறுவடை முடிந்து, ஏழு பேரும் சரிவின் அடிக்கல்லுக்கு வருவார்கள். முப்பது அறுவடை செய்து அந்த வருடம் செத்தவரின் பெயரை ஈர ஓட்டில் கீறிச் சுட்டு வைத்திருப்பார்கள். மூத்தவர் அதை உரக்க வாசிப்பார். ஏழு பேரும் 'கேட்டோம்' என்பார்கள். பிறகு ஓடு கல்லுக்கு அடியில் போய்விடும். அவ்வளவுதான். யாராலும் தோண்ட முடியாது, திருத்த முடியாது.

ஆனால் யார் பெயரை வாசித்தார்கள்? நில உடைமையாளர் பெயரை மட்டும். எண்ணூறு வருடமாக! ஒரு கூலிக்காரன் பெயர்கூட அந்த மண்ணுக்குள் இல்லை.

1996-இல் முதல் துண்டறிக்கை போட்டேன். நான் ஜெர்மன் படித்தது பள்ளியில் இல்லை, தொழிற்சங்கத் துண்டறிக்கைகளில். வெண்ணெய் என்ற சொல் தெரிவதற்கு முன் வேலைநிறுத்தம் என்ற சொல் தெரியும். 'கூலிக்காரனுக்கும் பெயர் உண்டு.' இதுதான் தலைப்பு. பதின்மூன்று வருடம், நாற்பத்தேழு துண்டறிக்கை. அவள்தான் சாயங்காலம் வேலை விட்டு வந்து மடித்துக் கொடுப்பாள். ஜெர்மன் எழுத்துத் தெரியாது அவளுக்கு.

"என்னாங்க எழுதியிருக்கு?" என்று ஒரு தரம் கேட்டாள்.

"கூலிக்காரனுக்கும் பேர் இருக்குன்னு."

"ஓ," என்றாள். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தாள். பிறகு மடித்தாள்.

2009-இல் ஊர்க்கூட்டம் பணிந்தது. கூலிக்காரர் பெயரும் வாசிக்கலாம் என்று தீர்மானம். மறு வருடமே ஹார்ட்விக் தன் மாமியார் பெயரைக் கொண்டுவந்தான். அவள் கொடியைப் படத்தில்தான் பார்த்திருப்பாள். குடும்பமே வந்து நின்று, ஆமாம் முப்பது அறுவடை செய்தாள் என்று சாட்சி சொன்னது. விடுவேனா? அடுத்த கூட்டத்தில் நானே விதி எழுதிக் கொடுத்தேன். நான்கே விதி. முப்பது அறுவடைக்கும் தொழிலாளர் காப்பீட்டுப் பதிவு வேண்டும். ஊராட்சிப் பதிவேட்டில் உள்ள பெயர் மட்டுமே கீறப்படும், ஒரு எழுத்தும் மாறக்கூடாது. பெயரில் ஐயம் வந்தால், பிறந்த ஊரிலிருந்தே ஆளை அறிந்த இருவர் சாட்சி சொல்ல வேண்டும். குடும்பத்தார் சொல் செல்லாது. அட்சரம் மாறாமல் நிறைவேறியது. ஒரு அகதி எழுதிய சட்டம் ஜெர்மன் கிராமத்தில்! சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. இறங்கினதும் காட்டுகிறேன்.

அந்த விதி முதலில் யாரைத் தடுத்தது தெரியுமா? லோரன்ஸை. ஏழு பேரில் மூத்தவர் கிளெமென்ஸின் அண்ணன். ஐம்பத்திரண்டு அறுவடை செய்து செத்தவன். அப்பன் நிலத்திலேயே வேலை, அதனால் காப்பீடு போடவில்லை. பதிவு ஒன்றும் இல்லை. கிளெமென்ஸ் தொப்பியைக் கழற்றி வாசிக்க வாயெடுத்தார். நான் கையைத் தூக்கினேன்.

"ஆதாரம் எங்கே?"

ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. கிளெமென்ஸ் அந்த ஓட்டை ஒரு துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதுதான் சட்டத்தின் வெற்றி. சொந்த அண்ணனுக்கும் சலுகை இல்லை. அன்றைக்கு நான் நிமிர்ந்து நடந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் என் சொந்தப் பெயரோடுதான் ஜெர்மனிக்கு வந்தேன். வீரமலை. ஏஜென்ட் வேறு பெயரில் பாஸ்போர்ட் தருகிறேன் என்றான். முடியாது என்றேன். கொள்கை. அவள் அடுத்த வருடம் தனியாக வந்தாள். அவளுக்கு ஏஜென்ட் கொடுத்தது மன்னார்ப் பக்கம் ஒரு மீனவப் பெண்ணின் பாஸ்போர்ட். ஜெசிந்தா அந்தோணிப்பிள்ளை. அகதி மனுவில் அந்தப் பெயரே ஏறிவிட்டது. வந்து சேர்ந்தால் போதும், பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். எல்லாரும் அப்படித்தானே வந்தார்கள்?

1989-இல் எங்கள் கல்யாணத்தை இங்கே பதிவு செய்தோம். ஏற்கெனவே இருபத்துமூன்று வருடம் குடும்பம் நடத்தியவளை மறுபடி கட்டிக்கொண்டேன், ஜெசிந்தா என்ற பெயரில். அலுவலகப் படியில் நின்று கேட்டாள்: "இப்பவே சொல்லி மாத்திப்புடுவமாங்க?" நான், "கேஸ் முடியட்டும் புள்ள" என்றேன்.

2000-இல் குடியுரிமை கிடைத்தது. வக்கீல் நல்ல மனுஷி. இப்போது திருத்தலாம், தண்டனை வராது, ஆனால் இவள் இன்னார் என்று பிறந்த ஊரில் அறிந்த இரண்டு பேர் சத்தியக் கடிதம் தர வேண்டும் என்றாள். எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி நூர்ன்பெர்க்கில் இருந்தாள். தயார் என்றாள். இன்னொரு ஆள்? கூடலூரில் பழனியாண்டி இருந்தான். தோட்டத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவன்.

"அண்ணனுக்கு ஒரு கடுதாசி போடுங்க. ஒங்க பேருல வேணாம், எம் பேருல போடுங்க," என்றாள். அவளுக்குத் தமிழும் எழுதத் தெரியாது.

"கருங்காலிகிட்ட நான் கையேந்தணுமா?"

"நீங்க ஏந்த வேணாம். நான் ஏந்துறேன். எழுத மட்டும் செய்யுங்க."

எழுதவில்லை. எப்படி எழுதுவேன்? பத்தொன்பது நாள் பட்டினி கிடந்த ஜனத்தை விற்றவனிடம்! அந்த மாதம் எனக்கு வேறு வேலையும் இருந்தது. பதினெட்டாவது துண்டறிக்கை. 2011-இல் அவன் செத்தான். நூர்ன்பெர்க்காரி அதற்கு முன்னாலேயே போய்விட்டாள்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். தாதி வாசலில் நின்று, "அந்தோணிப்பிள்ளை அம்மா!" என்று கூப்பிட்டாள். இவள் திரும்பவே இல்லை. முப்பது வருடம் அந்தப் பெயருக்குத் திரும்பியவள், சாகக் கிடக்கும்போது திரும்பமாட்டேன் என்கிறாள். என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"அந்தப் பொம்பள எங்கயோ உசுரோட இருப்பாங்க. புள்ள குட்டி இருக்கும். அவ பேரச் சொல்லி என்னய எரிச்சா அவளுக்கு ஆகாது. பாவம் அவ என்னா செஞ்சா?"

"இதெல்லாம் மூடநம்பிக்கை, புள்ள."

"சரி, அவள விடுங்க. எனக்கு ஒரு பேரு இருந்துச்சில்ல? அது எங்க போகும்?"

தலையணையைச் சரிசெய்தேன். அவள் எதற்காகக் கேட்டாள் என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

என்ன கேட்கிறீர்கள்? இது அந்த வரிசையில் எத்தனையாவது என்றா? இது எப்படி அந்த வரிசையில் வரும்? அது வரலாறு. இது வீட்டு விஷயம், தோழர்.

போன வாரம் கிளெமென்ஸ் வீட்டுக்குப் போனேன். திராட்சை பிழியும் எந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். எண்பத்தாறு வயது. குழாயை மூடிவிட்டு முழுவதும் கேட்டார்.

"சரி, அவளுடைய பெயர்தான் என்ன?" என்றார்.

வாய் வரவில்லை. சிரிக்காதீர்கள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? கல்யாணமாகி ஐம்பது வருடத்தில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புள்ள என்பேன், இந்தா என்பேன். ஊர் ஜெசி என்றது. அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

"பூங்காவனம்," என்றேன்.

அவர் மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தரம் ஏறக்குறைய சரியாக வந்தது. அந்தக் கிழவனின் வாயில் அதைக் கேட்டதும் அங்கிருந்த கூடையின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்தக் காகிதத்திலாவது இருக்கிறதா?"

"இல்லை. தோட்டப் பேரேட்டில் இருந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் எரித்துவிட்டார்கள்."

"அறிந்தவர்கள் இருவர்?"

"நான் இருக்கிறேன். மகள் இருக்கிறாள்."

"குடும்பத்தார் சொல் செல்லாது," என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "விதியை மாற்றிவிடலாம், வீரமலை. எழுதினவன் நீ. நீ முதலில் கையெழுத்துப் போடு, நாங்கள் ஏழு பேரும் போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு ஓடு சுட்டுவிடலாம். எனக்கு ஒன்றே ஒன்று. லோரன்ஸின் ஓடு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதையும் சேர்த்து வாசித்துவிடுவோம்."

பாருங்கள், பேரம் வந்துவிட்டது! எங்கே போனாலும் கடைசியில் பேரம்தான். பழனியாண்டியும் துரையிடம் இப்படித்தானே உட்கார்ந்திருப்பான்? இதைக் கொடு, அதை வாங்கு.

"என் பெண்டாட்டிக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா?" என்றேன். "நாளைக்கு ஹார்ட்விக் வந்து கேட்பான். அவனுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?"

"ஹார்ட்விக் செத்து நாலு வருடமாகிறது," என்றார் கிளெமென்ஸ்.

"அவன் மகன் இருக்கிறான்."

அவர் கை துடைத்த துணியை மடித்து வைத்தார். "நான் பேரம் பேசவில்லை. இரண்டு பேருமே அந்தச் சரிவில் வேலை செய்தார்கள். எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். யோசித்துவிட்டு வா. சனிக்கிழமை வரை சூளையை அணைக்கமாட்டேன்," என்றார்.

சனிக்கிழமை நேற்று. நான் போகவில்லை. மகள் தமயந்தி தொலைபேசியில் அழுதாள். "அப்பா, ஒரே ஒரு கையெழுத்துப்பா. அம்மாவுக்காகப்பா." உன் அம்மாவுக்காகத்தானே இத்தனை வருடம் போராடினேன் என்றேன். வைத்துவிட்டாள்.

இறங்குங்கள், இதுதான் நிறுத்தம். படியைப் பார்த்து. அந்தக் கண்ணாடிச் சட்டத்தைப் பிறகு காட்டுகிறேன், நாலாகப் போகிறது. அதோ, சரிவின் அடியில் கருப்புத் தொப்பிகள் தெரிகின்றனவா? எண்ணுங்கள், ஏழு இருக்கும். மகளும் வந்திருக்கிறாள். குடை பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிறாள். இந்தப் பக்கம் பார்க்கமாட்டாள்.

கொஞ்சம் மெதுவாக நடங்கள். எனக்கு மூச்சு வாங்குகிறது.

உங்களிடம் அவள் பெயரைச் சொல்லிவிட்டேன். இப்போது இந்தக் கண்டத்தில் அது மூன்று ஆளுக்குத் தெரியும், கிளெமென்ஸோடு நாலு. ஆனால் நீங்கள் சாட்சி ஆகமாட்டீர்கள். அவளை நீங்கள் பார்த்ததே இல்லையே. நான் சொல்லித்தானே தெரியும்? செல்லாது. நான் எழுதினதுதான், எனக்குத் தெரியாதா?

இங்கேயே நில்லுங்கள். கல்லுக்குக் கிட்டே போகக்கூடாது. தொப்பியைக் கழற்றுங்கள்.

பெட்டியைத் திறக்கிறார். ஒரே ஒரு ஓடு. லோரன்ஸுடையதைக் கொண்டுவரவில்லை. இப்போதுகூட நான் கையைத் தூக்கினால் நிறுத்துவார், தோழர். ஒரு தரம் நிறுத்தினவர்தான். என் பக்கம் பார்க்கிறார், பாருங்கள். காத்திருக்கிறார். இவ்வளவு நேரம் யாருக்காகவும் காத்திருக்கமாட்டார்.

என் கையை விடுங்கள். நீங்கள் பிடிக்கவில்லையா? சரி.

ஓட்டைத் தூக்குகிறார். பேசாதீர்கள், வாசிக்கிறார்:

"ஜெசிந்தா அந்தோணிப்பிள்ளை."